முன்சக்கரத்தைத் தூக்கும் முன்

முக்காலி மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலியோ ஒரு கால் சிறிது குட்டையானாலும் ஆடத் தொடங்கிவிடும். இதற்குக் காரணம் தச்சரின் கைத்திறன் அன்று. வடிவ கணிதமே காரணம். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமைந்துவிடும். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மோட்டார் சைக்கிளுக்குத் தரையைத் தொடும் இடங்கள் இரண்டே இரண்டு. ஆகவே ஓடாதபோது அது தானாக நிற்க இயலாது. மூன்றாவதாக ஒரு தாங்கி வேண்டும். பக்கத்தில் நீட்டும் சைடு ஸ்டாண்டும், அடியில் ஊன்றும் சென்டர் ஸ்டாண்டும் அந்தக் குறையைத் தீர்ப்பவையே.

முன்பிரேக்கின் ஷூவை மாற்ற வேண்டும், சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்க வேண்டும், ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது என்றால் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டியிருக்கிறது. பட்டறையில் இதற்கென்று தூக்கு மேடை உண்டு. வீட்டு வாசலில் அது ஏது? கைக்குக் கிடைத்த செங்கல்லை எஞ்சினுக்கு அடியில் செருகிவிட்டு வேலையைத் தொடங்குகிறோம். பல முறை ஒன்றும் நேர்வதில்லை. ஒரு நாள், இறுகிப்போன நட்டு அசைந்து கொடுக்கும் அதே கணத்தில் வண்டி சாய்ந்துவிடுகிறது.

ஏன் அந்தக் கணத்தில்? கல்லை வைத்தபோது நின்ற வண்டி, வேலையின் நடுவில் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது. தாங்கி எதைத் தாங்க வேண்டும் என்று கணக்கிடும்போது நாம் இரண்டு பொருள்களை மறந்துவிடுகிறோம். ஒன்று, வண்டியிலிருந்து நாம் கழற்றி எடுக்கும் பாகங்களின் எடை. மற்றொன்று, நம் கையின் விசை.

விழுந்தால் என்ன ஆகும்?

110 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பக்கவாட்டில் விழுந்து கிடக்கும்போது அந்த மையம் 20 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். அதாவது 30 செ.மீ. இறக்கம். வெளிப்படும் ஆற்றல் 110 × 9.8 × 0.3, அதாவது ஏறக்குறைய 323 ஜூல். 11 கிலோகிராம் கல்லொன்றை 3 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு ஆற்றலோ அவ்வளவு. அருகில் குந்தி அமர்ந்திருப்பவரின் கையோ, வேடிக்கை பார்க்க வந்த குழந்தையின் காலோ அடியில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிப்போம்

ஹீரோ ஹோண்டா நிறுவனம் 1994-இல் அறிமுகப்படுத்திய ஸ்ப்ளெண்டர் வண்டியை அறியாதவர் இல்லை. இப்போது அதை ஹீரோ மோட்டோகார்ப் தயாரிக்கிறது. இதன் எடை ஏறத்தாழ 110 கிலோ. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 123 செ.மீ.

இத்தகைய வண்டியின் ஈர்ப்பு மையம் முன்பின்னாக எங்கே இருக்கிறது என்று அறிய, ஆள் எடை பார்க்கும் கருவி ஒன்று போதும். கருவியின் மேல் முன்சக்கரத்தை ஏற்றுங்கள். பின்சக்கரத்துக்கு அடியில் அதே உயரமுள்ள பலகையை வையுங்கள். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளவைப் பார்க்கட்டும். முன்சக்கரம் 47 கிலோ காட்டுகிறது என்று கொள்வோம். மீதி 63 கிலோ பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது.

பின் அச்சிலிருந்து ஈர்ப்பு மையத்தின் தூரம் 47 × 123 ÷ 110, அதாவது சுமார் 53 செ.மீ. முன் அச்சிலிருந்து பார்த்தால் 70 செ.மீ. உங்கள் வண்டிக்கு எண்கள் சற்று மாறலாம், முறை மாறாது.

சென்டர் ஸ்டாண்டு என்னும் தராசு

இனி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவோம். ஸ்டாண்டின் இரு காலடிகளும் முன் அச்சுக்குப் பின்னால் 80 செ.மீ. தூரத்தில் ஊன்றியிருப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையமோ முன் அச்சுக்குப் பின்னால் 70 செ.மீ. ஆகவே மையம் காலடிகளுக்கு 10 செ.மீ. முன்னால் விழுகிறது. இதனால்தான் வண்டியின் மூக்குத் தாழ்ந்து, முன்சக்கரம் தரையைத் தொட, பின்சக்கரம் காற்றில் நிற்கிறது.

ஸ்டாண்டில் ஏற்றிய வண்டி உண்மையில் ஒரு தராசு. காலடிகளே அதன் முனை. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வகுத்த நெம்புகோல் விதி இங்கும் ஆட்சி செய்கிறது. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். எளிமைக்காக இதைக் கிலோ, செ.மீ. அலகுகளிலேயே கூறுவோம். வண்டி முன்பக்கம் சாயும் திருப்புத்திறன் 110 × 10 = 1100. இதைத் தடுக்க முன்சக்கரத்துக்குத் தரை அளிக்கும் ஆதரவு 1100 ÷ 80, ஏறக்குறைய 14 கிலோ. மீதி 96 கிலோவை ஸ்டாண்டு தாங்குகிறது.

முன்சக்கரத்தைத் தூக்க வேண்டுமானால் தராசின் மறுதட்டில் எடை வைக்க வேண்டும். காலடிகளுக்கு 60 செ.மீ. பின்னால் உள்ள கேரியரின் மேல் 1100 ÷ 60, அதாவது 18 கிலோவுக்குச் சற்று மேல் வைத்தால் போதும், மூக்கு எழும்பும். பின்சக்கரம் தரையில் அமரும். பல வீடுகளில் இதற்கென்று ஒரு பையனைப் பின்னால் உட்காரச் சொல்லிவிடுவது வழக்கம். அவன் இறங்கி ஓடிவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையைக் கட்டுவது மேல்.

25 கிலோ மூட்டையைக் கட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் திருப்புத்திறன் 25 × 60 = 1500. தேவை 1100. கையிருப்பு 400. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் இதை முன் அச்சின் 80 செ.மீ. தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: வெறும் 5 கிலோ. முன்பக்கம் 5 கிலோ எடைக்கு மேல் சாய்ந்து அழுத்தினாலே மூக்கு இறங்கிவிடும். ஆகவே மூட்டை தூக்குவதற்கு உதவும். தாங்குவதற்கு அதை நம்பக் கூடாது.

கழற்றக் கழற்ற மாறும் சமநிலை

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டோம். அதன் எடை 8 கிலோ என்றால், 8 × 80 = 640 அளவுள்ள திருப்புத்திறன் முன்பக்கத்திலிருந்து போய்விட்டது. மூட்டையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் மீதம் 460. அடுத்து ஃபோர்க்குகளையும் மட்கார்டையும் எடுத்துவிடுகிறோம். இவை சேர்ந்து 7 கிலோ, சராசரியாக 70 செ.மீ. தூரத்தில் இருந்தவை என்று கொண்டால் மேலும் 490 போய்விட்டது. இப்போது மீதம் என்ன? 460-லிருந்து 490 போக, குறை 30.

குறை என்பதன் பொருள், ஈர்ப்பு மையம் காலடிகளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது என்பதே. எஞ்சிய 95 கிலோவின் மையம் காலடிக்கோட்டிலிருந்து அரை செ.மீ. கூட விலகாமல், ஏறக்குறைய அதன் நேர் மேலே நிற்கிறது. தராசு முள் நடுவில் வந்துவிட்டது! சீட்டின் மேல் கையை ஊன்றினால் பின்னால் சாயும். ஹேண்டில்பாரைப் பிடித்தால் முன்னால் சாயும். வேலை தொடங்கியபோது மூக்குக் கனத்திருந்த வண்டி, வேலையின் நடுவில் எந்தப் பக்கமும் போகக் கூடியதாக மாறிவிட்டது. தொடக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தவர் ஏமாறுவது இங்கேதான்.

இதற்குப் பரிகாரம் எளிது. காலடிகளுக்கு முன்னால், சட்டத்தின் அடிக்குழாய்களுக்கு அடியில், 25 செ.மீ. தூரத்தில் உறுதியான கட்டையை இடுக்கில்லாமல் செருக வேண்டும். பின்சக்கரமும் தரையில் அமர்ந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் பலகையால் நிரப்ப வேண்டும். அப்போது தாங்குதளம் காலடிகளுக்கு முன்னால் 25 செ.மீ. வரையிலும், பின்னால் பின்சக்கரம் வரையிலும் நீள்கிறது. ஈர்ப்பு மையம் இந்த எல்லைக்குள் எங்கு நகர்ந்தாலும் வண்டி முன்பின்னாகக் கவிழாது. பின்சக்கரத்தைக் கழற்றும் வேலையில் இதே கணக்கு எதிர்த்திசையில் நடக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஸ்பேனரும் ஒரு சுமையே

இனி, நட்டு அசையும் கணத்துக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்டு எப்படி மடங்காமல் நிற்கிறது? வண்டியை முன்னால் தள்ளினால் ஸ்டாண்டு பின்னால் மடங்கிக்கொள்ளும் என்பதை நாள்தோறும் பார்க்கிறோம். நிற்கும்போது அதன் கால்கள் செங்குத்தாக இல்லை. காலடி முன்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கிறது. மேலும் முன்னால் போகாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. மடங்க வேண்டுமானால் கால்கள் முதலில் செங்குத்து நிலையைக் கடக்க வேண்டும். அப்போது வண்டி சிறிது மேலே எழ வேண்டும்.

எவ்வளவு எழ வேண்டும்? கால்களின் நீளம் 30 செ.மீ., சாய்வு 10 பாகை என்று கொண்டால், ஏற்றம் அரை செ.மீ.கூட இல்லை! நம் வண்டியைக் காப்பது அரை செ.மீ. உயரமுள்ள இந்தச் சிறு குன்றுதான். சாய்வினால் காலடி 5.2 செ.மீ. முன்னால் இருக்கிறது, கீலின் உயரம் 29.5 செ.மீ. எனவே இதைக் கடக்க வண்டியை முன்னோக்கி இழுக்கத் தேவையான விசை 96 × 5.2 ÷ 29.5, சுமார் 17 கிலோ எடைக்குச் சமம்.

இப்போது முன் அச்சின் நட்டைப் பாருங்கள். அதைத் தளர்த்த 60 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டும் என்று கொள்வோம். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் நாம் கொடுக்க வேண்டிய விசை 60 ÷ 0.25 = 240 நியூட்டன். அதாவது 24 கிலோ எடைக்குச் சற்று அதிகம். ஸ்பேனரைச் செங்குத்தாகப் பிடித்து, வண்டியின் முன்பக்கம் நோக்கி இழுத்தால், இந்த விசை முழுவதும் வண்டியை முன்னால் இழுக்கும் விசையாகிறது. ஸ்டாண்டைத் தள்ளிவிட 17 போதும். நாம் கொடுப்பது 24. வண்டி சாய்வதில் வியப்பென்ன?

ஸ்பேனரைக் கிடையாகப் பிடித்தால் நம் விசை செங்குத்தாகிவிடும். நட்டுக்கு எதிரே அமர்ந்துகொண்டு, தளர்த்தும்போது ஸ்பேனரின் கைப்பிடி உங்கள் இடப்பக்கம் நீட்டியிருக்குமாறு பொருத்திக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இறுக்கும்போது கைப்பிடி வலப்பக்கம் இருக்கட்டும். அப்போதும் கீழ்நோக்கியே அழுத்தலாம். சக்கரம் தரையில் இருக்கும் வரை இந்த அழுத்தத்தைத் தரை ஏற்றுக்கொள்ளும். சக்கரத்தைத் தூக்கிய பின் இதே அழுத்தம் மூக்கை இறக்கிவிடும். ஆகவே இறுகிய நட்டுகளை எல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிடுவதும், இறுதி இறுக்கத்தைச் சக்கரம் தரைக்கு வந்த பின் கொடுப்பதும் முறை.

ஸ்டாண்டு மடங்காமல் இருக்க இரண்டு காப்புகள் உண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போது, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையால் முன்பிரேக் பிடியை அழுத்திக் கட்டுங்கள். சக்கரம் உயர்ந்த பின் அந்தக் காப்புப் பயன்படாது; அப்போது தரையில் இருக்கும் பின்சக்கரத்தை முதல் கியரில் பூட்டிவைக்க வேண்டும். இவற்றோடு ஸ்டாண்டின் கால்களைச் சட்டத்தின் முன்குழாயோடு கயிற்றால் கட்டிவிட்டால் அது பின்னால் மடங்க வழியே இல்லை.

பக்கவாட்டில் எவ்வளவு தாங்கும்?

ஸ்டாண்டின் இரு காலடிகளுக்கும் இடையே அகலம் 30 செ.மீ. என்றால் பாதி 15. தாங்கும் முக்கோணம் முன்னோக்கிக் குறுகிச் செல்வதால், ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்தில் இதை 13 செ.மீ. என்று கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் 110 × 13 ÷ 100, அதாவது 14 கிலோ அளவு விசையோடு தள்ளினால் வண்டி கவிழும்.

ஸ்டாண்டை மடக்கிவிட்டு, 10 செ.மீ. அகலமுள்ள ஜாக்கித் தலையின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தினால்? பாதி அகலம் 5 செ.மீ. கவிழ்க்கத் தேவையான விசை ஐந்தரைக் கிலோதான். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அதுவும் வேண்டாம். ஆகவே வேலைக்குச் சமதளமான சிமெண்டுத் தரையைத் தேர்ந்தெடுங்கள். மண் தரையானால் ஸ்டாண்டின் இரு காலடிகளுக்கும் சேர்த்து ஒரே அகலப் பலகையை இடுங்கள். தனித்தனிப் பலகைகள் இட்டால் ஒன்று மட்டும் அமிழக்கூடும்.

எதைக் கொண்டு தாங்குவது?

செங்கல் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் ஒரு முனையில் மட்டும் சுமை ஏறி அது வளைய நேர்ந்தால், முன்னறிவிப்பின்றி இரண்டாகப் பிளந்துவிடும். மரம் அப்படியன்று, சற்று நசுங்கும், முனகும், பிறகே ஒடியும். எனவே கனமான மரக்கட்டைகளே சிறந்தவை. உயரம் வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கடைசி இடுக்கை ஆப்பு வைத்து நிரப்புங்கள்.

எஞ்சினின் அடிப்பகுதி அலுமினிய வார்ப்பு. 30 கிலோ சுமை 0.1 சதுர செ.மீ. கூர்முனையில் இறங்கினால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 300 கிலோ ஆகிவிடும். அதே சுமை 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள பலகையில் முழுவதும் பரவினால் 0.15 கிலோதான். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் எஞ்சினைத் தொட்டில்போல் ஏந்தும் இரு எஃகுக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் பலகை வைத்துத் தாங்குவதே சரி. சைலன்சர்க் குழாய், எண்ணெய் வடிக்கும் போல்ட், பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றில் சுமையை ஏற்றக் கூடாது.

எண்ணெய் ஜாக்கி, பாஸ்கல் விதியின்படி சிறு விசையால் பெரும் சுமையைத் தூக்குகிறது. ஆனால் தூக்கிய சுமையை நிறுத்தி வைத்திருப்பது ஒரு வால்வும் சில ரப்பர் வளையங்களுமே. அவை தேய்ந்தால் ஜாக்கி மெல்ல இறங்கும். தூக்குவது ஜாக்கியின் வேலை. தாங்குவது கட்டையின் வேலை.

ஊஞ்சல் கொக்கி உள்ள வீட்டில் வேறொரு காப்பும் உண்டு. உறுதியான கொக்கியிலிருந்து ஒரு கயிற்றை இறக்கி, ஹேண்டில்பாரில் அல்லாமல், வண்டியின் கழுத்துப் பகுதியில் உள்ள சட்டத்தில் கட்டலாம். கட்டப்பட்ட இடம் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருப்பதால், சாய முயலும் வண்டியைக் கயிறு மீண்டும் நடுவுக்கு இழுக்கும். இதுவே உறுதிச் சமநிலை. ஆனால் கயிறு நீளும், முடிச்சு நழுவும். ஆகவே இதைக் கட்டைக்கு மாற்றாக அன்றி, துணையாக மட்டுமே கொள்ள வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிகள்

இன்று விற்கும் வண்டிகளில் பலவற்றுக்குச் சைடு ஸ்டாண்டு மட்டுமே உண்டு. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு முன்சக்கரம், பின்சக்கரம், ஸ்டாண்டின் அடி என மூன்று புள்ளிகள் ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஒரு முனை போய்விடுகிறது. முக்கோணம் வெறும் கோடாகிறது. கோட்டின் மேல் எதுவும் நிற்காது. ஆகவே சைடு ஸ்டாண்டை நம்பி முன்சக்கரத்தை ஒருபோதும் தூக்கக் கூடாது.

இவ்வகை வண்டிகளுக்குப் பேடாக் ஸ்டாண்டு எனப்படும் அகன்ற தாங்கிகள் விற்கப்படுகின்றன. முதலில் பின்பக்கத் தாங்கியை ஏற்றி வண்டியை நேராக நிறுத்திய பின்னரே முன்பக்கத் தாங்கியை ஏற்ற வேண்டும். முன்பக்கத் தாங்கியிலும் இரு வகை உண்டு. ஃபோர்க்கின் அடியைப் பிடித்துத் தூக்குவது ஒன்று. சக்கரத்தைக் கழற்ற அது போதும். ஃபோர்க்கையே கழற்ற வேண்டுமானால் அது உதவாது, ஏனெனில் தாங்கி பிடித்திருக்கும் பாகத்தையே நாம் கழற்றப்போகிறோம். அதற்கு வண்டியின் கழுத்தைத் தாங்கும் வகை வேண்டும்.

வேலையின் வரிசை

இதுவரை கண்டவற்றைச் சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டிக்கு ஏற்றவாறு வரிசைப்படுத்துவோம்.

1. சமதளத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டாண்டின் கால்களை முன்குழாயோடு கட்டுங்கள். குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள்.

2. முன்பிரேக்கைக் கட்டிவிட்டு, இறுகிய நட்டுகளை ஸ்பேனரைக் கிடையாகப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தித் தளர்த்துங்கள்.

3. பின்னால் மூட்டையைக் கட்டி மூக்கை எழுப்புங்கள். பின்சக்கரத்தின் இடைவெளி 3 செ.மீ. என்றால், நாம் எடுத்துக்கொண்ட அளவுகளின்படி முன்பக்கம் 5 செ.மீ.க்குச் சற்று மேல் உயரும். ஃபோர்க்கின் ஸ்பிரிங் நீள்வதால் சக்கரம் அதைவிடச் சிறிது குறைவாகவே எழும்பும். முதல் கியரைப் போடுங்கள்.

4. சட்டத்தின் அடியில் கட்டையையும் ஆப்பையும் இறுக்கமாக வையுங்கள். கையை அடியில் நீட்டாமல், வண்டியின் பக்கத்தில் நின்று கட்டையை நகர்த்துங்கள்.

5. சீட்டைப் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் ஆடினால், கட்டையைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

6. பிறகே கழற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு பெரிய பாகத்தையும் எடுத்தபின் மீண்டும் ஒரு முறை அசைத்துப் பாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டியானால், சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் பிடியை யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்கள் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

7. மாட்டும்போது இதே வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள். கட்டையை எடுத்துச் சக்கரத்தைத் தரையில் இறக்கி, அதன் பின்னரே இறுதி இறுக்கம்.

மாணவ நண்பர்களே, திருப்புத்திறன் பாடத்தில் ஓர் அளவுகோலையும் இரண்டு எடைக்கற்களையும் வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். அதே கணக்கை வீட்டு வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். எடை பார்க்கும் கருவியும் அளவு நாடாவும் கொண்டு, உங்கள் வண்டியின் ஈர்ப்பு மையம் ஸ்டாண்டின் காலடிக்கு எத்தனை செ.மீ. முன்னால் விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த முறை வீட்டில் யாராவது முன்சக்கரத்தைக் கழற்ற உட்காரும்போது, கட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்களே காட்டலாம்.